உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்



தேவிகாபுரத்துத் தறி வீடுகளிலிருந்து படித்துச் சென்னை, பெங்களூர் போகும் பிள்ளைகள், "நாங்க இங்கிலீஷ் பேசினா சிரிக்கிறாங்க சார்" என்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு விதியை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அசை பிரிக்க உங்களுக்குத் தெரியும். தே/விகா/புரம்: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. ஆ/ரணி: நேர் நிரை, கூவிளம். ஆங்கிலேயர் நம் நிரையசையை இரண்டாக எண்ணுவார்கள்: தே-வி-கா-பு-ரம். வேறுபாடு அவ்வளவே.

தமிழில் பொருளை மாற்றுவது குறில், நெடில், ஒற்று. பல் வேறு, பால் வேறு. எடு வேறு, எட்டு வேறு. எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. 'நெசவு' விகுதி பெற்று 'நெசவாளர்' ஆனாலும் அழுத்தத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் அப்படி இருக்க முடியாது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். விகுதி சேர்ந்து 'ஃபோட்டோகிராஃபர்' ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும். இத்தாலிய மொழியிலும் இதே கதைதான். 'அன்கோரா' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் நங்கூரம். நடு அசையை அழுத்தினால் 'இன்னும்'. எழுத்து ஒன்றே.

அந்த இத்தாலியில் 1680-இல் பிறந்தவர்தான் வீரமாமுனிவர். வளர்ந்தபின் தமிழ் கற்று, யாப்பு உட்பட ஐந்திலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம் எழுதினார். நேரும் நிரையும் அவர் தாய்மொழியில் இல்லாதவை. அவருக்கு வந்தது நமக்கு வராதா?

என் கருத்து இதுதான். ஆங்கில வகுப்பில் சொல்லின் எழுத்துக்கூட்டலோடு அழுத்தம் விழும் அசையையும் சொல்லித் தர வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த அலகிடுதலிலிருந்தே தொடங்கலாம். நல்ல ஆங்கில அகராதிகளில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். புதுச் சொல்லைப் பார்த்தால் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். அலகிடுதலை மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று நினைத்தவர்களுக்கும் இப்போது அதன் பயன் புரியும்.

உச்சரிப்பைக் கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயில் எந்த மொழியும் வராது.

வீட்டுப்பாடம்: உங்கள் பெயரை அலகிட்டுக் கீழே எழுதுங்கள். திருத்தி மதிப்பெண் போடுகிறேன். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.