தண்ணீர் வருகிறது... ஆனாலும் படகு மோட்டார் அலறுகிறதே!

‘‘ஒன்றரை ஏக்கர் நஞ்சை நிலமும் ஒரு ஃபைபர் படகும்தான் எங்கள் பிழைப்பு. படகில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். பத்து நிமிடம் வேகமாக ஓட்டினால் ‘பீப்’ என்று அலறும். வேகமும் தானாகக் குறைந்துவிடும். ஆனால், பக்கவாட்டில் தண்ணீர் பீச்சிக்கொண்டுதான் இருக்கும். மெக்கானிக் ஒருவர் ‘சென்சார் கோளாறு’ என்று சொல்லி வயரைக் கழற்றிவிட்டார். இப்போது சத்தம் இல்லை. இதையே ஓட்டலாமா, நகையை அடகு வைத்து வேறு மோட்டார் வாங்கலாமா?’’

- முத்துப்பேட்டை பகுதியிலிருந்து ஒரு வாசகர்.

அடகுக் கடைக்கு இப்போது போக வேண்டாம். அந்த வயரை மட்டும் இன்றே திரும்ப மாட்டிவிடுங்கள். சூடு ஏறினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நடுக்கடலில் அது நடந்தால் கரைக்கு இழுத்துவர ஆள் தேட வேண்டும்.

பழைய ஆயில் இன்ஜின் பம்புசெட்டில், டெலிவரி குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து இன்ஜினைக் குளிர்விப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? இதுவும் அந்த வகைதான். புரொப்பல்லருக்கு மேலே, காலின் பக்கவாட்டில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீர் ஏறும். ரப்பர் இம்பெல்லர் அதை மேலே தள்ளும். பக்கவாட்டில் பீச்சுவது அதில் ஒரு சிறு கிளை மட்டுமே. பம்பு சுற்றுகிறது என்பதற்கு அது சாட்சி. இன்ஜின் முழுக்கக் குளிர்கிறது என்பதற்கு அல்ல.

ஆயில் தனித் தொட்டியில் ஊற்றும் மாடலா? பல மோட்டார்களில் ஆயில் குறைந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதை முதலில் பாருங்கள்.

அடுத்தது சல்லடை. உங்கள் பகுதியில் சேறும், கடற்புல்லும், நைலான் வலைத் துண்டும் அதில் அடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓட்டத்தில் அலறினால் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். தண்ணீர் பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்தி, மோட்டாரைத் தூக்கிச் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். கொதிக்கும் இன்ஜின்மீது பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

வேகமாகப் போகும்போது மட்டும் சூடாகிறது என்பதால், எனக்குச் சந்தேகம் இம்பெல்லர்மீதுதான். சேற்றுத் தண்ணீர் அதன் இறக்கைகளைத் தேய்க்கும். நாள்பட்டால் இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்துவிடும். செகண்ட் ஹேண்ட் மோட்டார் என்பதால் எப்போது மாற்றியதோ தெரியாது. கீழ்க் காலைக் கழற்றிப் பாருங்கள். இறக்கை உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். மேலே போய்க் குழாயை அடைத்திருக்கும். இம்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாது. அடித்தகட்டில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பொருத்தும்போது, மேலிருந்து பார்த்துக் கடிகாரம் சுற்றும் திசையில் ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். சின்ன சாவியை மறந்துவிட வேண்டாம்.

அதற்குப் பிறகும் அலறினால், தெர்மோஸ்டாட். உப்பு படிந்து திறக்காமல் நின்றிருக்கும். கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் 50 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டே ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பிளக்கில் கரி பிடிக்கும்.

வேலை முடிந்ததும் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, பம்பு மூழ்கும் அளவுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ஒரு தடவை’ ஸ்டார்ட் செய்தால்கூடப் புது இம்பெல்லர் கருகிவிடும். உப்புத் தண்ணீரில் போய்வந்த ஒவ்வொரு முறையும் இதே டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சூடு அடங்காவிட்டால், உள்ளே நீர்ப்பாதையில் உப்பு இறுகியிருக்கலாம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது வேறு மெக்கானிக்கிடம் காட்டி, இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், வேறு மோட்டார் பற்றி யோசிக்கலாம்.