அறிவிப்பும் கற்பித்தலே: கல்லூரி எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் ஒப்படைப்பும் வகுப்பு மாற்றமும்

கருத்துரை

சுருக்கம்

எழுத்துப் பயிற்சித் தாள்களைப் பயிலும் கல்லூரி மாணவர்க்கு ஒப்படைப்புகளையும் வகுப்பு மாற்றங்களையும் தெரிவிப்பது அலுவலகப் பணியாகவே கருதப்பட்டு வருகிறது. அது கற்பித்தலின் ஓர் உறுப்பு என்பதை நன்னூற் பொதுப்பாயிரத்தின் துணைகொண்டு இக்கருத்துரை நிறுவ முயல்கிறது. அறிவிப்பில் நேரும் குறை எம்மாணவரை மிகுதியாகத் தாக்குகிறது என்பதையும், தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க நடைமுறைகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துப் பயிற்சி, ஒப்படைப்பு, அறிவிப்பு, நன்னூல், பாயிரம், அகமதிப்பீடு

முன்னுரை

படைப்பிலக்கியம், இதழியல், மொழிபெயர்ப்பு, ஆய்வு நெறிமுறை எனத் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் எழுத்துப் பயிற்சி சார்ந்த தாள்கள் இன்று நிலைபெற்றுள்ளன. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்ணும் பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்படுகின்றன. அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை, மாணவர் வழக்கில் ‘அசைன்மென்ட்’ எனப்படும் ஒப்படைப்பு பெறுகிறது. எந்தத் தலைப்பில், எத்தனை பக்கத்தில், எந்நாளில், எவ்விடத்தில் அதனை அளிப்பது என்பதை மாணவர் அறிந்துகொள்ளும் வழியைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாடத்திட்டம் குறித்தும் வினாத்தாள் குறித்தும் கருத்தரங்குகள் நிகழ்கின்றன. அறிவிப்புப் பலகை குறித்து நிகழ்ந்ததாக நான் அறியேன்.

இக்கருத்துரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது என் வகுப்பில் நான் செய்த பிழை. சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்குச் சிறுகதை எழுதும் பயிற்சி அளித்திருந்தேன். வெள்ளிக்கிழமை தரவேண்டிய முதல் வரைவைப் புதன்கிழமையே தருமாறு, திங்கட்கிழமை வகுப்பின் இறுதியில், மணி அடித்தபின் வாய்மொழியாகச் சொன்னேன். புதனன்று சிலர் வெறுங்கையுடன் வந்தனர். அவர்களைச் சோம்பலர் என்றே எண்ணினேன். ஒரு மாணவி மட்டும் பாதி எழுதிய தாளைத் தந்தார். குறைந்த மதிப்பெண் இட்டேன். மாலைவேளைகளில் அவர் துணிக்கடையொன்றில் பணிபுரிபவர் என்பதும், வாரவிடுப்பாகிய வியாழன் மாலையைக் கதையை முடிப்பதற்கென ஒதுக்கி வைத்திருந்தார் என்பதும், பேருந்தைப் பிடிக்க மணி அடித்தவுடனே புறப்பட்டமையால் என் சொல் அவர் செவியில் விழவில்லை என்பதும் பின்னரே தெரியவந்தன. அடுத்த பருவத்தில் அவர் படைப்பிலக்கியத் தாளை எடுக்கவில்லை. அவருக்கு எழுத்து வரவில்லை என்று நான் இட்ட மதிப்பெண் கூறியது. உண்மையில் வாராமற்போனது என் அறிவிப்பே.

உடனுறைவும் கால அட்டவணையும்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் செல்லும் ஊர்களுக்கு மாணவரும் உடன் செல்வது அக்கல்விமுறையின் இயல்பு. பாடம் நிகழும் பொழுது மாறினால், ஆசிரியரின் அருகிலிருந்த மாணவர் அதனைத் தாமே அறிந்தனர். ஆண்டு அங்கே அறிவிப்புக்குத் தனித் தேவை எழவில்லை. உடனுறைவே அறிவிப்பாக இருந்தது.

சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றபோது வேறொரு கல்வியுலகுக்குள் நுழைந்தார். கல்லூரியில் மணியும் கால அட்டவணையும் உண்டு. ஆசிரியரும் மாணவரும் குறித்த நாழிகையில் கூடிக் குறித்த நாழிகையில் பிரிவர். பிரிந்திருக்கும் காலமே மிகுதி. அக்காலத்தில் ஏற்படும் மாற்றத்தை யாரேனும் சொல்லியாக வேண்டும். கல்லூரி என்னும் அமைப்பு தோன்றியபோதே அறிவிக்கும் கடமையும் உடன் தோன்றிவிட்டது. நாமோ கல்லூரியின் மணியை ஏற்றுக்கொண்டு, அறிவிப்பு மட்டில் மாணவர் இன்னும் நம் திண்ணையிலேயே இருப்பதாகக் கருதிக்கொள்கிறோம்.

பாயிரமும் ஒப்படைப்பும்

இக்கடமைக்கு வேண்டிய இலக்கணம் நம் மரபிலேயே உள்ளது. பாயிரம் இல்லாதது எவ்வளவு விரிந்ததாயினும் நூலாகாது என்பது பவணந்தியாரின் கொள்கை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனையும் உணர்த்துவது சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம். இவற்றுடன் காலம், களன், காரணம் ஆகிய மூன்றனையும் கூட்டி உரைப்பாரும் உண்டு என நன்னூல் குறிக்கிறது.

மாணவர்க்கு நாம் அளிக்கும் ஒப்படைப்பையும் இப்பதினொன்றால் சோதித்துப் பார்க்கலாம். யாருடைய பணி? எந்த முன்மாதிரிகளைக் கற்றபின் எழுதுவது? அளவு என்ன? தலைப்பு யாது? பொருள் யாது? யார் படிப்பதாகக் கருதி எழுதுவது? இதனால் பெறும் திறன் என்ன? எந்நாளில், எவ்விடத்தில் அளிப்பது? எதன்பொருட்டு இப்பணி? பாயிரத்தில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிப்பது. அதனைப் பக்க அளவுக்கு நீட்டிப் பொருள்கொள்வது என் துணிபு. ஆயின் யாப்பு என்பதை நீட்ட வேண்டியதே இல்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நன்னூல் வகுக்கும் நால்வகை யாப்பு, எழுத்துப் பயிற்சியில் நாம் தரும் பணிகளாகவே இன்றும் உள்ளன. ‘குறுந்தொகைப் பாடல் ஒன்றை எழுதி வருக’ என்னும் ஆணையைக் கேட்ட மாணவர், அதனைச் சுருக்குவதா, விரித்து உரைநடையாக்குவதா, பாடலை அப்படியே படியெடுப்பதா என்று மயங்குவது இயல்பு. மயங்கியவர் எழுதியதை ‘வினாவுக்கு விடையன்று’ என்று நாம் கழிக்கிறோம். பாயிரமின்றிப் பணியைக் கொடுத்தவர் நாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒருமுறை சொல்லுதல் போதாமை

பாடஞ்சொல்லலின் வரலாறு, காலத்தையும் இடத்தையும் நோக்குதலை ஆசிரியனுக்கு முதலில் விதிக்கிறது. விரையாமையையும், கொள்வோன் கொள்ளும் வகையறிந்து கொடுத்தலையும் அடுத்துக் கூறுகிறது. மணி அடித்தபின் நாற்காலிகள் நகரும் ஓசைக்கிடையே சொல்லப்படும் மாற்றம் இவற்றுள் எதற்கும் பொருந்தாது. பாடங்கேட்டலின் வரலாறோ, இருமுறை கேட்டால் நூலிற் பிழைபாடு நீங்கும் என்றும், ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையின் காற்கூறே கைவரும் என்றும் சொல்கிறது. அமைதியாகக் கேட்ட பாடத்துக்கே இந்நிலை எனில், எழுந்து நின்றபடி கேட்ட ஒரு தேதி எவ்வளவு நிலைக்கும்?

எழுத்துப் பயிற்சியில் இதன் விளைவு பிற தாள்களிலும் பெரிது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வகுப்பு தவறினால் நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து ஈடுசெய்யலாம். எழுத்து, வரைவு, ஆசிரியர் குறிப்புரை, திருத்தம், மறுவரைவு என்னும் தொடராக வளர்வது. ஒரு நாள் முன்னே இழுக்கப்பட்டால் சிந்திக்கும் காலம் சுருங்குகிறது. ஒரு வகுப்பு அறிவிப்பின்றி நீக்கப்பட்டால் குறிப்புரை பெறும் வாய்ப்பு அழிகிறது. மாணவர் திருத்தாமலே இறுதிப்படியைத் தருகிறார். நாள் நீட்டிப்பிலும் அநீதி உண்டு. கேட்டவர்க்கு மட்டும் காலம் நீட்டித்துவிட்டு ஏனையோர்க்குச் சொல்லாது விட்டால், உரிய நாளில் முடிக்க இரவு கண்விழித்தவரே இழப்புக்கு உள்ளாகிறார். ஆசிரியரிடம் தயங்காமல் பேசும் மாணவர் நீட்டிப்பைப் பெறுகிறார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, கேட்பதே தவறோ என அஞ்சும் மாணவர் அதனை இழக்கிறார். இவ்வாறு அறிவிப்பின்மை ஒரு சலுகையாகிச் சிலரிடமே சேர்கிறது.

அறிவிப்பின் தமிழ்

தமிழ்த்துறையின் அறிவிப்புகள் தமிழ் உரைநடையின் மாதிரிகளாக அமைதல் வேண்டும். நடைமுறை வேறாக உள்ளது. ‘வகுப்பு மாற்றப்பட்டுள்ளது’ என்னும் தொடரில் மாறியது நேரமா, அறையா, ஆசிரியரா என்பது விளங்குவதில்லை. ‘அடுத்த வெள்ளி’ என்பதை வருகின்ற வெள்ளியாக ஒருவரும் அதற்கு மறுவெள்ளியாக மற்றொருவரும் கொள்கின்றனர். இரவு பத்து மணிக்கு எழுதிய ‘நாளை’ மறுநாட் காலையில் படிக்கப்படும்போது வேறொரு நாளாகிவிடுகிறது. ‘மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’, ‘தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்பன போன்ற தொடர்கள் அச்சத்தைத் தருகின்றன, செய்தியைத் தருவதில்லை.

நல்ல அறிவிப்பு பழையதையும் புதியதையும் மாறாததையும் ஒருங்கே சொல்லும். சான்றாகப் பின்வருமாறு எழுதலாம்: ‘சிறுகதைப் பயிற்சியின் முதல் வரைவை 12.09.2025 வெள்ளிக்கிழமை அளிக்குமாறு முன்னர்ச் சொல்லியிருந்தேன். அந்நாளை மாற்றியுள்ளேன். 15.09.2025 திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் துறை அலுவலகத்தில் அளிக்கவும். பக்க அளவிலும் மதிப்பெண்ணிலும் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தவர்கள் அன்றே அளிக்கலாம். அவர்களுக்கு என் குறிப்புரை முன்னதாகக் கிடைக்கும்.’ இதில் அழகு எதுவும் இல்லை; ஐயத்துக்கும் இடமில்லை.

கைப்பேசிக் குழுவின் எல்லைகள்

இன்று பெரும்பாலான அறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் வெளியாகின்றன. விரைவு அதன் நன்மை. குறைகள் மூன்றைச் சுட்டலாம். முதலாவது, வாழ்த்துகளுக்கும் படங்களுக்கும் இடையே அறிவிப்பு புதைந்துபோவது. இரண்டாவது, வகுப்புக் குழுவில் சேர்ந்த மாணவியரின் கைப்பேசி எண்கள் அனைவர்க்கும் தெரியவருவது. இதனால் நேரும் தொல்லைகளுக்கு அஞ்சிக் குழுவிலிருந்து விலகும் மாணவி அறிவிப்பையும் இழக்கிறார். தம் எண்ணைக் காத்துக்கொள்வதா, மதிப்பெண்ணைக் காத்துக்கொள்வதா என்னும் நெருக்கடியில் அவரை நிறுத்துவது துறைக்கு அழகன்று.

மூன்றாவது, பார்வை மாற்றுத்திறன் மாணவரைப் பற்றியது. தமிழிலக்கிய வகுப்புகளில் அவர்கள் ஆர்வத்துடன் பயில்வதை நாம் அறிவோம். கையெழுத்திட்ட சுற்றறிக்கையைப் படமெடுத்துப் பகிரும்போது, அவர்தம் திரைபடிப்பான் அதனை வெறும் படமாகவே காண்கிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளும் அவ்வாறே பொருளற்ற ஒலிகளாகின்றன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது 2016ஆம் ஆண்டில். இன்றும் ‘யாராவது படித்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு மாணவர் குழுவில் கேட்க நேர்வது, நம் துறைகளுக்கு நேரும் தலைகுனிவு. படத்துடன் அதே செய்தியை ஒருங்குறியில் நான்கு வரிகளாக இடுவதற்குச் செலவு எதுவுமில்லை.

மறுப்புகளும் விடைகளும்

கல்லூரி மாணவர் வயதுவந்தோர். செய்தியைத் தேடி அறிவது அவர்தம் பொறுப்பு என்பர் சிலர். மாணவன் உரிய பொழுதில் ஆசிரியனை அடைதலை நன்னூலும் விதிக்கிறது. இதனை மறுக்கவில்லை. ஆயின் தேடும் கடமை, தேடவேண்டிய இடம் ஒன்றாகவும் அறியப்பட்டதாகவும் இருக்கும்போதே பொருளுடையதாகும். பலகையில் ஒன்று, குழுவில் ஒன்று, வாய்மொழியில் ஒன்று எனச் செய்தி மூன்றாகச் சிதறிக் கிடக்கையில், தேடாமையைக் குற்றம் எனல் பொருந்தாது.

ஆசிரியரின் பணிச்சுமையைச் சுட்டுவோரும் உளர். பல்கலைக்கழகச் சுற்றறிக்கையும் தேர்தல் பணி ஆணையும் ஆசிரியர்க்கே கடைசி நாளில் கிடைக்கும் நிலை உண்மையே. எனினும், ‘செய்முறைத் தேர்வு நாள் இன்னும் முடிவாகவில்லை, வியாழனன்று தெரிவிப்பேன்’ என்பதும் ஓர் அறிவிப்பே. அறியாததை அறியாததாகச் சொல்லும்போது வதந்திக்கு இடமில்லாமற் போகிறது. மேலும், ஒருமுறை தெளிவாக எழுதாத அறிவிப்பே முப்பது தனித்தனி அழைப்புகளாக ஆசிரியரிடம் திரும்பி வருகிறது. அறிவிப்பு சுமையைக் குறைக்கும் கருவி என்பதை நடைமுறையிற் கண்டுள்ளேன்.

முன்மொழிவுகள்

தமிழ்த்துறைகள் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம் எனக் கருதுகிறேன். பருவத் தொடக்கத்திலேயே ஒப்படைப்புகளின் நாள், அளவு, மதிப்பீட்டு நெறி ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு அளித்தல் வேண்டும். இறுதிநிலை அறிவிப்புக்குரிய இடம் எது என்பதைத் துறை ஒருமனதாக முடிவுசெய்தல் வேண்டும். ஏனையவை அதன் படிகளாக அமையலாம். கைப்பேசிவழி அறிவிப்புக்கு, உறுப்பினர் எண்கள் ஒருவர்க்கொருவர் தெரியாத ஒருவழித் தடத்தைப் பயன்படுத்தலாம். உரிய கால இடைவெளியின்றி எந்த ஒப்படைப்பு நாளையும் முன்னே நகர்த்தலாகாது. நீட்டித்தால் அனைவர்க்கும் நீட்டித்தல் வேண்டும். அறிவிப்பு சேரவில்லை என ஒரு மாணவர் கூறினால், அவரை ஐயுறுமுன் அறிவிப்பை ஆராய்தல் வேண்டும்.

இறுதியாக, அறிவிப்பு எழுதுவதையே எழுத்துப் பயிற்சியின் முதற்பாடமாக வைக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் வகுப்பு அறிவிப்பை எழுத, ஏனையோர் அதிலுள்ள மயக்கங்களைச் சுட்டித் திருத்தலாம். கேட்போரையும் காலத்தையும் களனையும் கருதி எழுதும் திறன் கதைக்கும் கட்டுரைக்கும் வேண்டுவதே.

முடிவுரை

ஆசிரியர் எழுதும் உரைநடைகளுள் மாணவர் மிகுதியாகப் படிப்பது அவர்தம் நூல்களையன்று, அறிவிப்புகளையே. தெளிவாக எழுதுக என்று பிறர்க்குக் கற்பிப்போர் தம் எழுத்தில் அதனைக் காட்டும் முதல் இடமும் அதுவே. நான் மேலே குறித்த மாணவியின் கதை முடிவுறாத வரைவாகவே என் கோப்பில் உள்ளது. அதன் முதற்பத்தி நன்றாகவே இருந்தது. வியாழன் மாலை அவருக்குக் கிடைத்திருந்தால் எஞ்சிய பகுதியையும் நான் படித்திருப்பேன்.