நட்டம் எவர்க்கு? ஈடு எவர்க்கு?

தெமோதரைப் புகையிரத நிலையத்தருகே, மலையைச் சுற்றிவந்து தன் அடியிலேயே தான் புகுந்து செல்லும் இருப்புப்பாதையைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர். அப்பாதையை ஒட்டிய சரிவுகளில், தேயிலைக்கும் லயத்துக்கும் இடையே எஞ்சிய துண்டு நிலத்தில் போஞ்சியும் தக்காளியும் பயிரிடும் தோட்டத் தொழிலாளி எவர் கண்ணிலும் படுவதில்லை. படம்பிடிக்க வருவோர் அவரைக் காணாமை குற்றமன்று. நிவாரண ஏடும் அவரைக் காணாமையே ஈண்டு வழக்கு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் சிதைந்தது. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. பின்னர் அரசு அறிவித்த உதவிகள் சிறியனவல்ல. வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை. பயிரழிவுக்கு ஹெக்டேயர்க் கணக்கில் நட்டஈடு. தொகையைக் குறைகூறுவதற்கில்லை. அளக்கும் கோலே கோணலானது.

லயக் காம்பரா எவருடைய வீடு? அதில் பிறந்து, அதிலேயே பேரப்பிள்ளைகளையும் கண்டவருடையதன்று. அவர் கொத்திப் பண்படுத்திய நிலமும் அவருடையதன்று. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் இவ்வாறு கைமாறியபோதெல்லாம் அதில் வாழ்ந்தோரின் கை மட்டும் வெறுங்கையாகவே இருந்தது. கிராமத்து விவசாயிக்கு உறுதி உண்டு, அல்லது ஒப்பம் உண்டு. கமநல சேவை நிலையத்தில் பதிவு உண்டு. தோட்டத்தில் பயிரிடுபவருக்கோ துரையின் வாய்ச்சொல்லே உறுதி. அவர் நிலம் இருபது பேர்ச்சஸ் என்று கொண்டால், அது ஹெக்டேயரில் இருபதில் ஒரு பங்கு. கடன்பட்டு வாங்கிய விதையும் உரமும் ஒரே இரவில் ஓடையோடு போயின என்பதை அக்கோல் அளப்பதில்லை. மழையால் இழந்த நாட்சம்பளம் அதனுள் அடங்குவதே இல்லை.

பதிவில்லாதோருக்குப் பணம் வழங்கினால் மோசடி பெருகும் என்பர் நிருவாகிகள். பதிவில்லாதவரா தோட்டத் தொழிலாளி? இந்நாட்டில் அவரளவு எண்ணப்பட்டவர் வேறெவர்? பெரட்டுக் களத்தில் காலைதோறும் பெயர் போடப்படுகின்றது. எடுத்த கொழுந்து கிலோக் கணக்கில் எழுதப்படுகின்றது. அரைப்பேர் விழுந்தால் அதுவும் செக்றோலில் ஏறுகின்றது. சம்பளத்தைக் குறைப்பதற்குப் போதுமான சான்றாகும் ஏடு, நட்டஈடு கொடுப்பதற்கு மட்டும் சான்றாகாது என்பது என்ன நியாயம்?

காணியுரிமை கிடைத்தால் யாவும் சரியாகும், அதுவரை பொறுத்திருப்போம் என்று கூறும் மலையகத் தலைமைகளும் உள. காணியுரிமை வேண்டும், அதில் இரு கருத்தில்லை. ஆயினும் பொறுத்திருத்தலின் விலை யாதென்பதை இதே மாவட்டத்தின் மீரியபெத்தை அறியும். அங்கு மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. பெயர்ந்து செல்லச் சொந்தமாய் ஓர் அடி நிலமில்லாதோர் லயங்களிலேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை அவர்கள்மேல் இறங்கியது. தப்பியவர்களுக்கென எழுபத்தைந்து வீடுகள் கையளிக்கப்பட்டபோது ஈராண்டுகள் கழிந்திருந்தன.

உறுதிப்பத்திரம் எழுதி முடிக்கும்வரை மழை காத்திராது. பயிரிட்டவர் எவரோ அவருக்கே ஈடு என்று சுற்றுநிருபத்தில் ஒரு வரி சேர்க்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் நேரிற் சென்று நிலத்தைப் பார்க்கட்டும். செக்றோலையும் வாக்காளர் இடாப்பையும் ஒப்புநோக்கட்டும். நிலம் கம்பனியினுடையதா அரசினுடையதா என்ற வினாவைப் படிவத்திலிருந்து நீக்கட்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இதனைச் செய்ய இயலாது என்பார் எவராயினும், ஏன் இயலாது என்பதைத் தெமோதரைப் பெரட்டுக் களத்துக்கு வந்து, அம்மக்கள் முன்னிலையிற் கூறட்டும்.