இருமலுடன் முதல் வரிசையில் நிற்பது பேணுதல் ஆகாது



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமே குளிர்ந்துவிடுகிறது. பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் சன்னல்களை அடைத்து விடுகிறோம். பின்னர் வீடுதோறும் இருமலும் காய்ச்சலும் தொடர்கின்றன. அருவிக் குளியலால் வந்தது என்கிறோம். உண்மையில் ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ். அடைத்த அறையில் ஒருவர் இருமினாலே அது பிறருக்கு எளிதில் தொற்றிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், காய்ச்சலோடு நாம் பாடம் நடத்தச் சென்றோம். மார்க்கக் கல்வி தடைப்படலாகாது என்று எண்ணினோம். அந்த வாரமே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுத்தனர். ஒரு மாணவரின் பாட்டியார் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இறையருளால் மீண்டார். நோய் நம்மிடமிருந்துதான் சென்றதா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் நாம் பேணுதல் என்று கருதியது, பிறர் உரிமையில் காட்டிய அலட்சியமே என்று அன்று உணர்ந்தோம்.

நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றிடம் கொண்டு செல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள். பச்சைப் பூண்டின் வாடையோடு பள்ளிக்கு வருவதையும் தடுத்தார்கள். வாடைக்கே இத்தனை கண்டிப்பு எனில், முதியவரின் உயிருக்கு ஊறு விளைவிக்கும் நோயோடு தோள் சேர்த்து நிற்பது தகுமா? நோயாளி ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் வராதிருக்க மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதை ஏற்பது ஈமானின் குறைவன்று.

"தடுப்பூசி போட்டாயிற்றே" என்பர் சிலர். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மிகவும் பயன் தரும். எனினும் முழுக் காப்பு அன்று. காய்ச்சல் மருந்தின்றியே தணிந்து 24 மணி நேரம் ஆகும்வரை வீட்டிலேயே இருப்போம். முஸாபஹாவைத் தவிர்த்து வாயால் சலாம் சொல்வோம். உளூவுடன் சோப்பினாலும் கை கழுவுவோம். சாரலிலும் ஒரு சன்னலையேனும் திறந்து வைப்போம்.

2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது, தமிழக அரசு 1000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. பருவகாலக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தேவையின்றித் தர வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கமும் அப்போது அறிவுறுத்தியது. அவை பாக்டீரியாவைத்தான் அழிக்கும், வைரஸை அழிப்பதில்லை. ஆயினும் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

பெரும்பாலோருக்கு ஓய்வும், கஞ்சியும், வெந்நீரும், அளவான பாராசிட்டமாலும் போதும். இருமலுக்குத் தேன் இதம் தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தரலாகாது. முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளோர், சிறு குழந்தைகள் ஆகியோர் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒசல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

ஓதிப்பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வழமை. மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல். நம் இருமலால் இன்னொரு வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழாமல் காப்பதும் இபாதத்தே என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.