ஒட்டுப்போட்ட விண்கப்பல்கள்

நம் இல்லங்களில் பள்ளிப் பிள்ளைகளும், கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்களும் அடிக்கடி வழங்கும் சொல் ஒன்று உண்டு. 'பேட்ச்' என்பது அது. கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்பதே அதன் நேர்ப்பொருள். விற்பனையாகிவிட்ட கணினி நிரல் ஒன்றில் பிழை காணப்பட்டால், அதனை ஆக்கியவர் இணையத்தின் வழியே அனுப்பிவைக்கும் திருத்தத்தை இப்பெயரால் குறிக்கின்றனர். பெற்றோர் பலருக்கு இது பொருட்படுத்தத் தக்க செய்தியாகத் தோன்றாது. எனினும், காசு கொடுத்து வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நிற்க வேண்டிய நாணயம் இச்சொல்லைச் சார்ந்தே இன்று இருக்கின்றது. ஆதலின் இத்திங்கள் இதனைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கணினி விளையாட்டுகளுள் விண்வெளிப் போர்த்தந்திர விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. ஆடுபவர் ஒரு விண்மீன் பேரரசின் தலைவராக அமர்கின்றார். கோள்களில் குடியேற்றம் செய்தல், ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்குதல், கப்பல் கட்டுதல், படை நடத்துதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பு. ஓர் ஆட்டம் முடியப் பல நாட்கள் செல்லும். நம் ஊர்த் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறு என்று சொல்லலாம்.

இவ்வகையில் 'ஸ்வோர்ட் ஆஃப் தி ஸ்டார்ஸ்', அதாவது 'விண்மீன்களின் வாள்' என்னும் விளையாட்டு 2006ஆம் ஆண்டு வெளிவந்து நற்பெயர் பெற்றது. கனடா நாட்டு வான்கூவர் நகரத்துக் கெர்பெரோஸ் என்னும் நிறுவனம் அதனை ஆக்கியது. அதன் இரண்டாம் பாகத்தைச் சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் 2011 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்டது. ஆவலுடன் காத்திருந்தவர்கள் அன்றே வாங்கினர். ஆனால், முதலில் அனுப்பப்பட்டது முடிவான வடிவமே அன்று. சோதனைக்காக வைத்திருந்த பழைய வடிவம் தவறுதலாக விற்பனைக்குச் சென்றுவிட்டது. பின்னர்ச் சரியான வடிவத்தை அனுப்பினர். அதுவும் நடு ஆட்டத்தில் நின்றுபோயிற்று. அறிவிப்பில் சொன்ன வசதிகள் சில ஆட்டத்தில் காணப்படவில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் பாதி ஆடிய பின்னர்க் கட்டத்தின் கோடுகள் அழிந்துபோனால் எவ்வாறிருக்கும்? வாங்கியவர்களின் நிலை அதுவாயிற்று.

வெளியிட்டவர் மன்னிப்புக் கேட்டனர். அதன் பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒட்டுமேல் ஒட்டாகத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. 2012 நவம்பர் இறுதியில் திருந்திய பதிப்பு வெளியாயிற்று. முன்னரே வாங்கியவர்களுக்கு அது விலையின்றி வழங்கப்பட்டது. ஆட்டம் ஆடத்தக்க நிலையை அடைந்தது. ஆயினும் முதல் நாள் பெற்ற அவப்பெயர் அதனை விட்டு நீங்கவில்லை.

நிற்க. திருத்தம் என்பது கணினிக்காரர் கண்டுபிடித்த புதுமை அன்று. நாம் பணிபுரியும் இரயில்வேத் துறையில் விதிநூல்களுக்குத் திருத்தச் சீட்டுகள் வெளியிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணும் தேதியும் இருக்கும். எந்தப் பத்தியில் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதனை வெட்டி, உரிய பக்கத்தில் பசை தடவி ஒட்டுவது எழுத்தர் வேலை. ஒட்டிய சீட்டுகளால் சில நூல்கள் இருமடங்கு பருத்திருப்பதைக் காணலாம். இந்த முறையில் ஒரு நேர்மை உண்டு. நேற்று எது விதியாக இருந்தது, இன்று எது விதி, என்று முதல் மாறியது என்பனவற்றை யார் வேண்டுமாயினும் பார்த்து அறியலாம். நல்ல விளையாட்டு நிறுவனங்களும் ஒவ்வோர் ஒட்டுடனும் இத்தகைய பட்டியல் ஒன்றை வெளியிடுகின்றன. எந்தப் பிழை நீங்கிற்று, எது இன்னும் எஞ்சியுள்ளது என்பதை மறையாமல் எழுதுகின்றன. அவ்வாறு எழுதாத நிறுவனத்தை நாம் ஐயத்துடன் நோக்குவதில் தவறில்லை.

முற்காலத்துக் கணினி விளையாட்டுகளுக்கு ஒட்டுப் போடும் வழி இல்லை. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், 'ஈ.டி.' என்னும் திரைப்படத்தை ஒட்டி ஒரு விளையாட்டினை ஐந்து வார அளவில் அவசரமாக ஆக்கி விற்றது. சிறு பெட்டி ஒன்றினுள் பதிந்து விற்ற நிரல் அது. விற்ற பின் மாற்ற இயலாது. மக்கள் வெறுத்து ஒதுக்கினர். விற்காமல் தேங்கிய பெட்டிகள், வேறு சரக்குகளுடன் சேர்த்து, 1983இல் நியூமெக்சிகோ மாநிலத்தில் மண்ணில் புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடத்தைத் தோண்டி அவற்றை வெளியே எடுத்தனர். பிழையைத் திருத்த வழியில்லாத காலத்தில் அவசரத்திற்குக் கிடைத்த தண்டனை அது.

இன்று அத்தண்டனை இல்லை. இணையம் வந்தபின் எதனையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி பிறந்தது. வசதியோடு ஒரு சபலமும் பிறந்தது. குறித்த நாளில் விற்றுக் காசு பெறுவோம், குறைகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று வணிகர் எண்ணத் தலைப்பட்டனர். சோறு அரைவேக்காடாக இருக்கும்போதே பந்தியில் இலை போட்டுப் பரிமாறுவது போன்றது இது. வாங்கியவரே சோதனை செய்பவராகிவிடுகின்றார். அதற்குரிய கூலியும் அவருக்கு இல்லை. மேலும், ஒட்டுகளை இறக்கிக்கொள்ள இணைய இணைப்பு வேண்டும். ஒரு கைப்பேசியின் அளவிட்ட இணையத்தை வைத்துக் குடும்பமே காலந்தள்ளும் வீட்டில், பல ஆயிரம் மெகாபைட்டுத் திருத்தத்தை எவ்வாறு இறக்குவது? திருத்தம் இலவசம் என்றாலும், அதைப் பெறும் செலவு வாங்கியவர் தலையில்தான் விழுகின்றது.

இருப்பினும், தவறிய பின் கைவிடாமல் நின்று திருத்தியவர்களையும் நாம் குறிப்பிடவேண்டும். இங்கிலாந்தின் கில்டுபோர்டு நகரத்தில் ஹெலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் ஒன்று உள்ளது. அது 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. இது போர்த்தந்திர வகையைச் சேர்ந்ததன்று. ஊர் சுற்றும் வகை. 1,80,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட கோள்கள் உண்டு என்றனர்; ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்ற எண்ணத்தையும் ஊட்டியிருந்தனர். முதல் நாளே இருவர் பேசிவைத்துக்கொண்டு ஒரே இடத்திற்கு வந்து நின்றனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் புலப்படவில்லை. ஏமாற்றம் அடைந்தவர்கள் சினந்தனர். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை முறையீடு சென்றது. விளம்பரத்தில் குற்றமில்லை என்று 2016 நவம்பரில் அது தீர்ப்பளித்தது.

சட்டத்தின்படி பிழையில்லை என்று தீர்ந்தபின் அந்நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அந்த நவம்பரிலேயே முதற் பெருந்திருத்தம் வந்தது. 2018 ஜூலையில் வந்த திருத்தத்தால் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் கண்டு கூடி ஆட முடிந்தது. அதற்குப் பின்னரும் ஆண்டுதோறும் புதிய பகுதிகள் வந்தன. இவற்றுக்கெல்லாம் முன்பு வாங்கியவர்களிடம் ஒரு காசும் பெறவில்லை. தூற்றியவர்களே பாராட்டும் நிலைக்கு வந்தனர். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டனர் என்பதே இவர்களது பெருமை.

இனி, விளையாட்டை விட்டு மெய்யான விண்கலத்திற்கு வருவோம். நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூரிலேயே அதற்கு உதாரணம் உண்டு. 2019 ஜூலை 22ஆம் நாள் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான 'விக்ரம்', செப்டம்பர் 7ஆம் நாள் விடியற்காலையில் நிலவில் மெல்ல இறங்க இயலாமல் மோதி வீழ்ந்தது. பீனியாவிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தோர் அத்தருணத்தில் அதற்கு ஒட்டுப் போட முடியவில்லை. இறங்கும் நேரமோ கால் மணி அளவு. அந்நேரம் முழுவதும் கலம் தன்னுள் ஏற்கெனவே பதிந்துள்ள நிரலின்படி தானே முடிவெடுத்துச் செல்லவேண்டும். அந்த நிரலில் இல்லாத அறிவை இடைவழியில் ஊட்ட இயலாது.

தவறிய காரணத்தை இஸ்ரோவின் அந்நாளைய தலைவர் சோமநாத் 2023இல் வெளிப்படையாக விளக்கினார். கலத்தின் ஐந்து எந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. அதனால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து பெருகின. அவற்றைச் சரிசெய்யக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது; அவ்வளவு விரைவை நிரல் அனுமதிக்கவில்லை. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் அளவே.

நான்கு ஆண்டுகள் திருத்தினர். இம்முறை ஒட்டுகள் யாவும் நிலத்திலேயே போடப்பட்டன. நடு எந்திரத்தை நீக்கி நான்காக்கினர். கால்களை வலுப்படுத்தினர், எரிபொருளைக் கூட்டினர், வேகம் அளக்கும் லேசர்க் கருவியைச் சேர்த்தனர், இறங்கும் பரப்பைச் சுமார் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரித்தனர். எவையெவை கெடக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அவை கெட்டாலும் கலம் பிழைக்குமாறு நிரலை மாற்றி எழுதினர். ஹெலிகாப்டரில் தொங்கவிட்டும், பாரந்தூக்கியில் கட்டியும் சோதித்தனர். நிலவின் மண்ணை ஒத்த மண் நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளிலிருந்து பெறப்பட்டுச் சோதனைகளுக்குப் பயன்பட்டது. திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்று நடத்தியவர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். இரயில்வேத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியை அடுத்து நலமே இறங்கியது. தோல்வியுற்றது என்று சொல்லப்பட்ட சந்திரயான்-2இன் சுற்றுக்கலம் அப்பொழுதும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. புதிய கலத்துடன் தொடர்பு கொண்டு அதற்குத் துணையும் நின்றது.

விளையாட்டையும் விண்கலத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். விளையாட்டு கெட்டால் ஒரு மாலைப்பொழுது கெடும். கலம் கெட்டால் நாட்டின் பொருளும் பல்லாண்டு உழைப்பும் போகும். ஆயினும் இரண்டையும் ஆக்குவது எழுதப்பட்ட நிரலே. பின்னர்த் திருத்த இயலாது என்று அஞ்சி உழைப்பவரின் கவனத்தில் ஒரு பங்கேனும், பின்னர்த் திருத்தலாம் என்று துணிபவருக்கு இருக்கவேண்டும். அதுவே நாம் வேண்டுவது.

வாங்கும் குடும்பங்களுக்குச் சில யோசனைகளைக் கூறி இதனை முடிக்கிறோம். பிள்ளைகள் எவ்வளவு வற்புறுத்தினாலும் புதிய விளையாட்டை வெளிவந்த அன்றே வாங்க வேண்டாம். ஒரு மாதம் பொறுத்தால் குறையும் தெரியும், பெரும்பாலும் விலையும் இறங்கும். திருத்தப் பட்டியலை ஒழுங்காக வெளியிடும் நிறுவனமா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். திருத்தத்திற்குத் தனி விலை கேட்கின்றனரா என்பதையும் கவனியுங்கள். 'ஸ்டீம்' என்று ஓர் இணைய அங்காடி உண்டு. இரயில்வேக்காரருக்குப் பழகிய பெயர்தான். அதில் வாங்கியதை 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆடாதிருந்தால் திருப்பித் தந்து பணம் பெறலாம். 2015 முதல் இந்த விதி உள்ளது. பலர் இதனை அறியாமல் இழக்கின்றனர்.

எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்பீல்டிலும் இரவு விழித்துப் பிறர் எழுதிய நிரலுக்கு ஒட்டுப் போடும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வீட்டார் கேட்டால், 'புதிதாக ஒன்றும் செய்யவில்லை, பழையதைத் திருத்துகிறேன்' என்று அவர்கள் குரல் தாழ்த்திச் சொல்வதுண்டு. குரல் தாழ வேண்டிய வேலை அன்று அது. வாங்கியவருக்கு விற்றவர் தந்த வாக்கை நிறைவேற்றுபவர்கள் அவர்களே. வீட்டார் இதனை அறிந்து, அந்த இரவுப்பணிக்கு உரிய மதிப்பை அளிப்பார்களாக.