பார்வை வந்துடுச்சுன்னு சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க

"போன வாரம் வரைக்கும் நல்லா தெரிஞ்சுது டாக்டர். அதான் சொட்டு மருந்தை நிறுத்திட்டேன்." ஓபியில் ஒரு பெரியவர் இப்படிச் சொன்னப்போ, செயற்கை கருவிழி வச்ச அவர் கண்ணில் சீழ் கட்டியிருந்தது.

பாஸ்டன் வகை செயற்கை கருவிழியில், தானமா கிடைச்ச கருவிழிக்கு நடுவில் பிளாஸ்டிக் லென்ஸ் இருக்கும். பிளாஸ்டிக்கும் சதையும் முழுசா ஒட்டாது. அந்த இடுக்கு வழியா கிருமி உள்ளே போகலாம். அதனாலதான் ஆன்டிபயாடிக் சொட்டு ஆயுசுக்கும் தேவை.

மேலே போடும் கான்டாக்ட் லென்ஸ், கண் காயாம, திசு கரையாம காக்கும். டாக்டர் சொல்ற தேதியில் மாத்திடுங்க.

கண் அழுத்தம் வலியில்லாம ஏறி நரம்பைக் கெடுக்கும். வழக்கமான கருவி இந்தக் கண்ணில் சரியா அளக்காது; டாக்டர் விரலால் அழுத்தித்தான் கணிக்கணும். பார்வை நல்லா இருந்தாலும் செக்கப்புக்குப் போங்க.

வலி, சிவப்பு, சீழ், மங்கல்? அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க.

அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "தினமும் யார் சொட்டு போடுவாங்க? மருந்து எங்கே கிடைக்கும்?" இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே நாம கேட்டிருக்கணும். அந்தச் சொட்டு தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கணும். கொடுத்த பார்வையைக் காப்பாத்துறதும் சிகிச்சைதான்.