பஸ்ல ஓடாத ராஜா

சேலத்துலருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு எந்தப் பக்கம் போற பிரைவேட் பஸ்ல ஏறினாலும் எண்பதுகளோட ராஜா பாட்டுதான். முதல் நாலு செகண்ட் மியூசிக்லயே படம் பேரைச் சொல்ற ஆளுங்க நம்ம ஹாஸ்டல்ல ரூமுக்கு ஒருத்தர் இருக்கீங்க. அதே ராஜா 1986-ல போட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தை முழுசா கேட்டவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

படம் கிடையாது, ஹீரோ கிடையாது, பாடகரும் கிடையாது. பத்து டிராக், அவ்வளவுதான். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக் 1750-ல செத்து 17 வருஷம் கழிச்சுத்தான் தியாகராஜர் பொறக்கவே செய்றார். ரெண்டு பேரையும் ஒரே வீட்ல உட்கார வெச்சுட்டார் நம்மாளு. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ போட்டுப் பாருங்க, ஹெட்போன்ல. பாக் தனி வயலினுக்கு எழுதின மூணாவது பார்ட்டீட்டா விறுவிறுன்னு ஓடுது. அதுக்கு மேல இன்னொரு வயலின் நம்ம ஊர் கமகத்தோட வந்து பேச்சு குடுக்குது. முட்டிக்கவே இல்ல! அடுத்த டிராக் பேரே ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. சோலோ வயலின் வி.எஸ். நரசிம்மன்.

இது ஜாமிங்ல வர்ற சமாச்சாரம் இல்ல. ஃபியூக்னா, ஒரு மெட்டை ஒரு வாத்தியம் ஆரம்பிக்கும். அதையே அடுத்தது தள்ளி வந்து பிடிக்கும். அதுக்குள்ள முதல் வாத்தியம் வேற எங்கயோ போயிருக்கும். எந்த இடத்துல நிறுத்திக் கேட்டாலும் சேர்ந்து ஒலிக்கணும். முன்னாடியே பேப்பர்ல எழுதியாகணும். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்ட ஸ்டாஃப் நொட்டேஷன் அங்கதான் கை கொடுத்தது. அதுவும் வருஷத்துக்கு டஜன் கணக்குல படம் பண்ணிட்டிருந்த நேரத்துல. யாரும் கேட்காம, எந்த சிச்சுவேஷனும் இல்லாம. அப்புறம் பாலுமகேந்திரா ‘வீடு’ (1988) படத்துக்கு இந்த இசையைத்தான் எடுத்துக்கிட்டார். படம் இசையைத் தேடி வந்துச்சு.

பிங்க் ஃபிளாய்ட் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை அபே ரோடு ஸ்டூடியோல எப்படிப் பண்ணாங்கன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பார்க்கறோம். தப்பில்ல, நானும் பார்க்கறேன். ஆனா நம்ம கல்ச்சுரல்ஸ் ரூல்ஸ் ஷீட்டைப் படிச்சிருக்கீங்களா? லைட் மியூசிக்னா சினிமா பாட்டு. இன்ஸ்ட்ருமென்டல்னாலும் சினிமா பாட்டு, வாய்க்குப் பதிலா கீபோர்டு. சொந்தமா மெட்டு போட்டவனுக்கு மேடையில இடமே இல்ல. மெக்கானிக்கல் பசங்க ரெண்டு பேர் டெரஸ்ல வாசிக்கிறதைக் கேட்டவங்களுக்கு நான் எதுக்கு இவ்ளோ சூடாகறேன்னு புரியும்.

மியூசிக் கிளப் கோஆர்டினேட்டர்ஸ், அஞ்சு நிமிஷ ஸ்லாட் ஒண்ணு போதும். சொந்த கம்போசிஷன் மட்டும், ட்ராக் போட்டு வாசிக்கக் கூடாது. ஜட்ஜ் கிடைக்கலைன்னா பிரைஸே வேண்டாம். இந்த வருஷ ஷீட் இன்னும் பிரிண்டுக்குப் போகலைதானே?